சம்பளம் சொல்லாத வேலை விளம்பரம்: அந்த மௌனத்தின் செலவு யார் தலையில்?

வேலை விளம்பரம் ஒன்றை எடுத்து, அது கேட்பவற்றை ஒரு பக்கமும் தருபவற்றை மறுபக்கமும் எழுதிப் பாருங்கள். படிப்பு, மதிப்பெண், அனுபவ ஆண்டுகள், தெரிந்திருக்க வேண்டிய மென்பொருள்கள், எப்போது சேர முடியும், இப்போது வாங்கும் சம்பளம், எதிர்பார்க்கும் சம்பளம் என்று முதல் பக்கம் நிறைந்துவிடும். மறுபக்கத்தில் 'தகுதிக்கேற்ற சம்பளம்' என்று இருக்கும். சில விளம்பரங்கள் 'கவர்ச்சிகரமான சம்பளம்' என்கின்றன. சில 'நேரில் பேசித் தீர்மானிக்கலாம்' என்கின்றன. அதைக்கூடச் சொல்லாதவை பல.

வாடகை, கடன் தவணை, குழந்தையின் படிப்பு, பெற்றோரின் மருந்து என்று மாதந்தோறும் வந்து நிற்கும் செலவுகளுக்காகத்தான் பெரும்பாலோர் வேலை தேடுகிறார்கள். அவர்களுக்கு முதலில் தெரிய வேண்டிய செய்தி கடைசியில் தெரிவதும், பல நேரங்களில் கடைசி வரை தெரியாமலே போவதும் சிறிய எரிச்சல் அல்ல. இது ஏன் நடக்கிறது, இதனால் யாருக்கு என்ன இழப்பு என்பதை விளக்கப் பொருளியலில் சில எளிய கருத்துகள் இருக்கின்றன. புதிதாக வேலை தேடுகிறவர்கள் அவற்றை அறிந்துகொண்டால், பதில் வராதபோதும் பேரம் முறிந்தபோதும் குறை தங்களிடம்தான் என்று நினைத்து மனம் உடைய மாட்டார்கள்.

தொகை ஏற்கெனவே இருக்கிறது

ஆள் எடுக்க வேண்டும் என்று ஒரு துறைத் தலைவர் நினைத்த மறுநாளே விளம்பரம் வந்துவிடுவதில்லை. அந்தப் பணியிடம் எந்தப் படிநிலையில் வரும், அதற்கு ஆண்டுக்கு எவ்வளவு ஒதுக்கலாம் என்று மனிதவளத் துறையும் நிதித் துறையும் பேசி ஒப்புதல் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகே விளம்பரம் எழுதப்படுகிறது. இத்தகைய ஏற்பாடு இல்லாத சிறு நிறுவனங்களிலும், இதற்கு மேல் கொடுக்கக் கட்டுப்படியாகாது என்ற எல்லை முதலாளியின் மனத்தில் இருக்கவே செய்கிறது.

ஆகவே சம்பளம் இல்லாத விளம்பரம் என்றால், இன்னும் முடிவாகாத ஒன்றை எழுத முடியவில்லை என்று பொருள் அல்ல. குறைந்தபட்சம் ஒரு கீழ் எல்லையும் மேல் எல்லையும் யாரோ ஒருவரின் கோப்பில் இருக்கின்றன. அவற்றை எழுதாமல் விட்டிருக்கிறார்கள். இந்த ஒரு செய்தியை மனத்தில் நிறுத்திக்கொண்டால் மீதி எல்லாம் எளிதாகப் புரியும்.

ஒரு தரப்புக்குத் தெரிந்தது மறுதரப்புக்குத் தெரியாதபோது

ஒரு பேரத்தில் ஈடுபடும் இருவரில் ஒருவருக்கு மட்டும் முக்கியமான செய்தி தெரிந்திருந்தால், அதைத் தகவல் ஏற்றத்தாழ்வு என்கிறது பொருளியல். 1970-இல் ஜார்ஜ் அகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் பழைய கார்ச் சந்தையை வைத்து இதை விளக்கினார். காரின் கோளாறு விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. நல்லதையும் கெட்டதையும் பிரித்தறிய முடியாததால், வாங்குபவர் எல்லாக் கார்களுக்கும் ஒரு சராசரி விலையே கொடுக்க முன்வருவார். அந்த விலை கட்டுப்படியாகாமல் நல்ல கார் வைத்திருப்பவர்கள் விலகிவிடுவார்கள். சந்தையில் மோசமானவையே மிஞ்சும். இந்தத் துறையில் செய்த பணிக்காக அகர்லாஃப், மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் மூவருக்கும் 2001-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

வேலைச் சந்தையில் இருள் இரண்டு பக்கமும் இருக்கிறது. விண்ணப்பிப்பவர் உழைப்பாளியா, நம்பத்தக்கவரா, ஆறு மாதத்தில் விலகிப் போய்விடுவாரா என்பது நிறுவனத்துக்குத் தெரியாது. அதற்காகத்தான் பட்டம் கேட்கிறார்கள், தேர்வு வைக்கிறார்கள், பழைய மேலாளரிடம் விசாரிக்கிறார்கள். 1973-இல் ஸ்பென்ஸ் எழுதியது இதைப் பற்றித்தான்: பட்டம் என்பது ஓரளவுக்கு, 'நான் இப்படிப்பட்டவன்' என்று நிறுவனத்துக்கு எட்டும்படி காட்டும் ஓர் அடையாளம்.

ஆனால் இரண்டு இருளும் ஒரே வகை அல்ல. ஒருவரின் உழைப்பையோ நேர்மையையோ தாளில் எழுதி நிரூபிக்க முடியாது. அதை அறிய உண்மையிலேயே நேரமும் முயற்சியும் தேவை. சம்பள வரம்பை எழுத ஒரு வரி போதும். நிறுவனத்தின் அறியாமையைப் போக்க விண்ணப்பதாரர் பல ஆண்டு படித்துச் சான்றிதழ் கொண்டுவருகிறார். விண்ணப்பதாரரின் அறியாமையைப் போக்க நிறுவனம் ஒரு வரியைக்கூடச் செலவிட மறுக்கிறது. இந்த விஷயத்தில் எனக்கு உள்ள கோபம் முழுவதும் இங்கேதான் தொடங்குகிறது.

அகர்லாஃப் சொன்ன விளைவும் இங்கே நடக்கிறது. நல்ல சம்பளம் கொடுக்கும் நிறுவனத்தின் விளம்பரமும் கஞ்சத்தனமான நிறுவனத்தின் விளம்பரமும் ஒரே மாதிரி 'தகுதிக்கேற்ற சம்பளம்' என்று இருந்தால், படிப்பவரால் இரண்டையும் பிரிக்க முடியாது. ஏற்கெனவே ஓரளவு நல்ல வேலையில் இருப்பவர், நிச்சயமில்லாத ஒன்றுக்காக விடுப்பு எடுத்துப் போகத் தயங்குவார். வேறு வழி இல்லாதவர் எல்லாவற்றுக்கும் விண்ணப்பிப்பார். பிறகு, 'ஆயிரம் விண்ணப்பம் வருகிறது, பொருத்தமானவர் ஒருவரும் இல்லை' என்று நிறுவனமே வருந்துகிறது.

தேடுவதற்கும் விலை உண்டு

நேரம், அலைச்சல், பணம் எல்லாம் சேர்ந்ததைத் தேடல் செலவு என்பார்கள். ஒரே பொருளுக்குப் பல விலைகள் நிலவுவதற்கும், ஒரே வகை வேலைக்குப் பல சம்பளங்கள் நிலவுவதற்கும் இதுவே ஒரு காரணம் என்று 1960-களின் தொடக்கத்தில் ஜார்ஜ் ஸ்டிக்லர் என்ற பொருளியலாளர் எழுதினார். எங்கே எவ்வளவு என்று எல்லோருக்கும் செலவின்றித் தெரிந்துவிட்டால் குறைத்துக் கொடுப்பவரிடம் யாரும் போக மாட்டார்கள். தெரிந்துகொள்ளச் செலவாகிறது என்பதால்தான் போகிறார்கள்.

ஒரு விண்ணப்பத்துக்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். வேலைக்கு ஏற்றபடி தன்விவரக் குறிப்பை மாற்ற வேண்டும். ஒரு கடிதம் எழுத வேண்டும். கோப்பை இணைத்த பிறகும் அதே விவரங்களை இணையப் படிவத்தில் மறுபடி நிரப்ப வேண்டும். பிறகு தொலைபேசி உரையாடல், எழுத்துத் தேர்வு, வீட்டிலிருந்து செய்து அனுப்ப வேண்டிய பயிற்சிப் பணி, துறைத் தலைவருடன் ஒரு நேர்முகம், அவருக்கு மேலே உள்ளவருடன் இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் இப்போதைய அலுவலகத்தில் ஏதாவது காரணம் சொல்லி அனுமதி வாங்க வேண்டும். தினக்கூலிக்கோ மணிக்கணக்குக்கோ வேலை செய்பவருக்கு அந்த நேரம் அப்படியே வருமான இழப்பு. இத்தனைக்கும் பிறகு சொல்லப்படும் தொகை, இப்போது வாங்குவதைவிடக் குறைவு என்று தெரியவந்தால், அதுவரை கொட்டிய உழைப்பு முழுவதும் வீண். முதல் நாளே ஒரு வரியில் தெரிந்திருக்க வேண்டிய செய்தி அது.

நிறுவனத்துக்கும் இழப்பு உண்டுதான்; நேர்முகம் நடத்தியவர்களின் நேரம் வீணாகிறது. ஆனால் அவர்கள் அந்த நேரத்துக்கும் சம்பளம் வாங்குகிறார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர் வாங்குவதில்லை.

இதில் இன்னும் ஆழமான ஒன்று இருக்கிறது. 1971-இல் பீட்டர் டயமண்ட் என்ற பொருளியலாளர் ஒரு வியப்பான முடிவைக் காட்டினார். ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கி விலை விசாரிக்க வாங்குபவருக்குச் சிறிதளவு செலவானால்கூட, விற்பவர்கள் பலர் இருந்தும் போட்டி மங்கிவிடலாம். உள்ளே வந்துவிட்ட வாடிக்கையாளர் கொஞ்சம் அதிக விலைக்காக வெளியேறி அடுத்த கடையில் மறுபடி முதலிலிருந்து தொடங்க மாட்டார் என்பது ஒவ்வொரு கடைக்காரருக்கும் தெரியும். பொருளின் விலைக்குப் பதிலாக உழைப்பின் விலையை வைத்துப் பார்த்தால், நான்காம் சுற்று நேர்முகம் முடிந்து உட்கார்ந்திருப்பவரின் நிலை புரியும். எதிர்பார்த்ததைவிடச் சற்றுக் குறைவான தொகை சொல்லப்படுகிறது. மறுத்தால் இன்னோர் இடத்தில் முதல் சுற்றிலிருந்து தொடங்க வேண்டும். அங்கேயும் தொகை கடைசியில்தான் தெரியும். பலர் தலையசைத்துவிடுகிறார்கள். இவர் தொகையைக் கேட்டு மகிழ்ந்து ஒப்புக்கொள்ளவில்லை. தேடித் தேடிக் களைத்துப்போய் ஒப்புக்கொள்கிறார். தேடலுக்கு ஆகும் தடைகளை ஆராய்ந்ததற்காக 2010-இல் டயமண்ட், டேல் மார்ட்டென்சன், கிறிஸ்டோபர் பிஸ்ஸாரிடஸ் மூவரும் நோபல் பரிசு பெற்றார்கள்.

ஒவ்வொருவருக்கும் 'இதற்குக் கீழே என்றால் வேண்டாம்' என்று ஒரு தொகை உண்டு. பொருளியலில் அதற்கு ஏற்புக் கூலி என்று பெயர். குடும்பச் செலவு, கடன், இப்போதைய வேலை, கையிருப்பு எல்லாம் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. எந்த வேலைக்கு விண்ணப்பிப்பது, எதை விடுவது என்று முடிவெடுக்க ஒருவரிடம் உள்ள நல்ல கருவி அதுதான். சம்பளம் எழுதப்படாத விளம்பரம் அந்தக் கருவியைப் பயன்படுத்த விடுவதில்லை.

'உங்கள் எதிர்பார்ப்பு என்ன?'

தன் தொகையை மறைத்துக்கொண்டு, விண்ணப்பதாரரின் தொகையை முதலில் கேட்பது அடுத்த கட்டம். சீட்டாட்டத்தில் உங்கள் சீட்டுகளை விரித்துக் காட்டச் சொல்லிவிட்டு எதிராளி தன்னுடையதை மூடி வைத்துக்கொள்வது போன்றது இது. குறைத்துச் சொன்னால் அதையே கொடுத்துவிடுவார்கள். கூட்டிச் சொன்னால் அழைக்கவே மாட்டார்கள். எல்லை தெரியாதவர் இரண்டில் ஒரு தவற்றைச் செய்யும்படி தள்ளப்படுகிறார்.

முதலில் சொல்லப்படும் எண்ணுக்கு இருக்கும் பிடிமானம் சாதாரணமானது அல்ல. 1974-இல் ஆமோஸ் ட்வெர்ஸ்கி, டேனியல் கானமன் என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட புகழ்பெற்ற சோதனை ஒன்றில், ஒரு சக்கரத்தைச் சுழற்றி அதில் வந்த எண்ணைக் காட்டிய பிறகு, ஐ.நா.வில் ஆப்பிரிக்க நாடுகளின் விழுக்காடு எவ்வளவு என்று கேட்டார்கள். 10 என்ற எண்ணைப் பார்த்தவர்கள் சொன்ன விடைகளின் நடுமதிப்பு (வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) 25. 65-ஐப் பார்த்தவர்களுடையது 45. கேள்விக்குத் துளியும் தொடர்பில்லாத எண்கூட மதிப்பீட்டை இழுத்துவிடுகிறது. பழைய சம்பளம் என்ற எண் புதிய சம்பளத்தை எவ்வளவு இழுக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

முதல் வேலையில் குறைவாகக் கொடுக்கப்பட்டவர், குழந்தைக்காகச் சில ஆண்டுகள் வேலையை விட்டிருந்த பெண், நெருக்கடிக் காலத்தில் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டவர் ஆகியோரை அந்தப் பழைய தொகை வேலைக்கு வேலை பின்தொடர்கிறது. அதனால்தான் விண்ணப்பதாரரின் பழைய சம்பளத்தைக் கேட்கக் கூடாது என்று சில இடங்களில் சட்டமே வந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2016-இல் இத்தகைய சட்டத்தை இயற்றி 2018 ஜூலையில் நடைமுறைப்படுத்தியது. கலிபோர்னியாவில் 2018 ஜனவரியிலிருந்து இத்தடை இருக்கிறது.

தெரியாமையின் இன்னொரு விளைவு நமக்குள்ளேயே நடக்கிறது. ஜெர்மனியில் தொழிலாளர்களிடம் நடத்திய ஓர் ஆய்வில், வேறு இடத்துக்குப் போனால் எவ்வளவு கிடைக்கும் என்று கேட்டபோது பெரும்பாலோர் தங்கள் இப்போதைய சம்பளத்தை ஒட்டியே தொகை சொன்னார்கள். குறிப்பாகக் குறைந்த சம்பளக்காரர்கள், வெளியே தங்களுக்குக் கிடைக்கக்கூடியதை மிகவும் குறைத்து மதிப்பிட்டிருந்தார்கள். ஏமாற்றப்படுகிறோம் என்பதுகூடத் தெரியாத நிலை இது. விளம்பரங்களில் தொகை இருந்தால், வேலை தேடாதவரும் அவற்றைப் பார்த்துத் தன் மதிப்பைத் தெரிந்துகொள்வார்.

ஏன் மறைக்கிறார்கள்?

மறைக்கும் நிறுவனம் எல்லாம் குறைத்துக் கொடுக்கும் நிறுவனம் என்று முடிவுகட்ட வேண்டாம். நன்றாகக் கொடுப்பவர்களும் மறைக்கிறார்கள். பெரும்பாலும் அதற்கான காரணம் வெளியே இல்லை, அலுவலகத்துக்கு உள்ளே இருக்கிறது. பல ஆண்டுகளாக அதே வேலையைச் செய்துகொண்டிருக்கும் ஊழியர், புதிதாக வருபவருக்குத் தன்னைவிட அதிகம் என்று விளம்பரத்தில் படித்தால் மறுநாள் காலை மேலாளர் அறையில் நிற்பார். அவர் கேட்கும் கேள்வி நியாயமானது. பதில் நிறுவனத்திடம் இல்லை. அதனால் கேள்வி எழாமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

போட்டி நிறுவனம் பார்த்துவிடும் என்பது இன்னொரு காரணம். பேரத்தில் குறைத்துப் பிடிக்கலாம் என்ற எண்ணமும் உண்டு. அனுபவத்தைப் பொறுத்துத் தொகை மாறும் என்ற வாதத்தில் மட்டும் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் தொகை மாறும் என்றால் வரம்பைச் சொல்லலாமே. எந்த அனுபவத்துக்கு எந்த எல்லை என்று இரண்டு வரிகளில் எழுதினால் அதுவும் தீர்ந்தது.

சட்டத்தால் முடிந்ததும் முடியாததும்

ஆஸ்திரியாவில் 2011 முதல் வேலை விளம்பரத்தில் குறைந்தபட்ச ஊதியத்தைக் குறிப்பிட்டாக வேண்டும். அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2021 ஜனவரி 1 முதல் சம்பள வரம்பை எழுதுவதைக் கட்டாயமாக்கியது. நியூயார்க் நகரம் 2022 நவம்பரிலும், கலிபோர்னியாவும் வாஷிங்டன் மாநிலமும் 2023 ஜனவரியிலும் பின்தொடர்ந்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் ஊதிய வெளிப்படைத்தன்மை பற்றிய ஆணையை நிறைவேற்றியது. தொடக்கச் சம்பளத்தையோ அதன் வரம்பையோ முன்கூட்டியே அறியும் உரிமையை அது விண்ணப்பதாரருக்குத் தருகிறது. பழைய சம்பளத்தைக் கேட்பதைத் தடுக்கிறது. உறுப்பு நாடுகள் இதைத் தங்கள் சட்டங்களில் சேர்க்க 2026 ஜூன் 7 வரை கெடு விதிக்கப்பட்டது.

சட்டம் வந்தவுடன் ஓட்டை தேடுவதும் தொடங்கியது. கொலராடோவில் சட்டம் வந்ததும், வீட்டிலிருந்தே செய்யும் வேலைகளுக்கான சில விளம்பரங்களில் 'கொலராடோவில் வசிப்பவர்கள் விண்ணப்பிக்க இயலாது' என்று சேர்த்தார்கள். ஒரு வரி எழுதுவதைத் தவிர்க்க ஒரு மாநிலத்தின் மக்களையே ஒதுக்கத் துணிந்தார்கள் என்றால், அந்த வரி எவ்வளவு மதிப்புள்ளது என்று தெரிகிறது. நியூயார்க்கில் சட்டம் அமலான நாள்களில் ஒரு பெரிய வங்கியின் விளம்பரம் 0 முதல் 20 லட்சம் டாலர் வரை என்று வரம்பு காட்டியது. அது கணினிக் கோளாறு என்று வங்கி விளக்கியது. ஆனால் கோளாறு எதுவும் இல்லாமலே, மேல் எல்லை கீழ் எல்லையைப் போல இரண்டு மூன்று மடங்காக இருக்கும் விளம்பரங்கள் இன்றும் வருகின்றன. அத்தகைய வரம்பு படிப்பவருக்கு ஒன்றும் சொல்வதில்லை.

வெளிப்படைத்தன்மை வந்தால் எல்லோருடைய சம்பளமும் ஏறிவிடும் என்றும் நம்பிவிடக் கூடாது. டென்மார்க்கில் 35 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள நிறுவனங்கள் ஆண், பெண் ஊதியப் புள்ளிவிவரத்தைத் தெரிவிக்க வேண்டும் என்று 2006-இல் சட்டம் வந்தது. பின்னர் ஆராய்ந்தபோது இடைவெளி குறைந்திருந்தது. ஆனால் பெண்களின் ஊதியம் வேகமாக ஏறியதைவிட, ஆண்களின் ஊதிய உயர்வு மெதுவானதே அதற்கு முக்கியக் காரணமாக இருந்தது. இருந்தும் நான் வெளிப்படைத்தன்மையின் பக்கமே நிற்கிறேன். தொகை ஏறினாலும் ஏறாவிட்டாலும், தெரிந்து முடிவெடுக்கும் உரிமை உழைப்பவருக்கு இருக்க வேண்டும்.

சட்டம் வரும் வரை

முதல் தொலைபேசி அழைப்பிலேயே வரம்பைக் கேளுங்கள். பணத்தாசை பிடித்தவர் என்று நினைப்பார்களோ என்ற கூச்சம் பலருக்கு இருக்கிறது. சம்பளம் கேட்பது அநாகரிகம் அல்ல. நிறுவனம் தான் வாங்கும் எந்தப் பொருளையும் விலை கேட்காமல் வாங்குவதில்லை. கடிதமாக எழுதுவது எளிது என்றால் இவ்வளவு போதும்: 'வணக்கம். இந்தப் பணியின் பொறுப்புகள் என் அனுபவத்தோடு பொருந்துகின்றன. அடுத்த கட்டத்துக்குச் செல்லும் முன், இதற்கு ஒதுக்கப்பட்டுள்ள சம்பள வரம்பைத் தெரிவிக்க முடியுமா? இரு தரப்பின் நேரத்தையும் திட்டமிட உதவியாக இருக்கும்.'

அவர்கள் உங்கள் எதிர்பார்ப்பைத் திருப்பிக் கேட்டால், 'பொறுப்புகளை முழுமையாக அறிந்த பிறகு சொல்கிறேன். நீங்கள் ஒதுக்கியிருக்கும் வரம்பு என்ன?' என்று இன்னொரு முறை கேட்கலாம். சொல்லியே தீர வேண்டும் என்ற நிலை வந்தால், ஏற்புக் கூலியைச் சொல்லாதீர்கள். அதற்கு மேலே தொடங்கும் ஒரு வரம்பைச் சொல்லுங்கள். கீழ் எல்லையாக நீங்கள் சொல்லும் தொகையே அவர்கள் காதில் விழும்.

வரம்பு கிடைத்ததும் அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மாதக் கணக்கா, ஆண்டுக் கணக்கா? வரியும் பிற பிடித்தங்களும் போக மாதக் கடைசியில் கைக்கு வருவது எவ்வளவு? ஊக்கத்தொகை என்று காட்டுவது உறுதியானதா, இலக்கை எட்டினால் மட்டும் வருவதா. சென்ற ஆண்டு ஊழியர்களில் எத்தனை பேருக்கு அது முழுமையாகக் கிடைத்தது? மருத்துவக் காப்பீட்டுக்கும் ஓய்வுக்காலச் சேமிப்புக்கும் நிறுவனம் கட்டும் பங்கை உங்கள் சம்பளத்தோடு கூட்டிப் பெரிய தொகையாகக் காட்டியிருக்கிறார்களா? ஒரே தொகை இரண்டு நிறுவனங்களில் இரண்டு வேறு வாழ்க்கையைக் குறிக்கலாம்.

விளம்பரம் மௌனமாக இருந்தாலும் வேறு வழிகளில் ஓரளவு அறியலாம். அதே நிறுவனம், சட்டக் கட்டாயம் உள்ள நாட்டிலோ மாநிலத்திலோ அதே பதவிக்கு விளம்பரம் கொடுத்திருந்தால் அங்கே வரம்பு இருக்கும். தொகை ஊருக்கு ஊர் மாறினாலும் பதவிகளுக்கு இடையிலான விகிதம் தெரிந்துவிடும். துறையில் இருக்கும் நண்பர்களிடம், 'உன் சம்பளம் எவ்வளவு' என்று கேட்பதைவிட, 'இந்த அனுபவத்துக்கு எவ்வளவு எதிர்பார்க்கலாம்' என்று கேட்டால் தயக்கமின்றிச் சொல்வார்கள். உடன் வேலை செய்பவர்கள் தங்களுக்குள் சம்பளத்தைப் பேசிக்கொள்வது தவறு என்று பல அலுவலகங்கள் சொல்லிவைக்கின்றன. அமெரிக்காவில் தனியார் துறை ஊழியர்களில் பெரும்பாலோருக்கு அந்த உரிமையை 1935-ஆம் ஆண்டின் தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டம் பாதுகாக்கிறது. உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேட்ட பிறகும் சொல்ல மறுப்பவர்கள் உண்டு. அங்கே தொடர்வதா வேண்டாமா என்பது உங்கள் கையிருப்பையும் அவசரத்தையும் பொறுத்தது; வேலை இல்லாமல் இருப்பவரிடம் 'விலகிவிடு' என்று அறிவுரை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தொடர்ந்தால், பல மணி நேரம் பிடிக்கும் பயிற்சிப் பணியைச் செய்து கொடுக்கும் முன்பாவது வரம்பை மறுபடி கேளுங்கள். அவர்கள் வாயால் சொன்னால், 'இன்று பேசியபடி' என்று தொடங்கி ஒரு மின்னஞ்சலில் எழுதி அவர்களுக்கே அனுப்பிவிடுங்கள். நியமனக் கடிதம் வரும்போது அதிலுள்ள தொகையை அந்த மின்னஞ்சலோடு ஒப்பிட்டு, குறைந்திருந்தால் கையெழுத்திடும் முன் காரணத்தைக் கேளுங்கள்.